பின் இருக்கைப் பேச்சு

பசார் ரெபோ, ஜகார்த்தா
4 ஆகஸ்ட் 2002

வூலானின் அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். மழை இல்லாததால் ஜாமுக் கஷாய வியாபாரம் நன்றாக நடக்கிறது. விடிந்ததும் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் மஞ்சளும் புளியும் கலந்த புட்டிகள் காலியாகிவிடுகின்றன. கசப்புக் கஷாயம்தான் மிஞ்சுகிறது. அதை ராத்திரி நானே குடிக்கிறேன். அதனால்தான் என் வாய் இப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள்.

ஊர்த் தலைவர் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே நீங்கள் பேச வந்தால், தலைவர் மனைவி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்து கேட்பார். ஆகவே கடிதம். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் கிமினிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் வண்டிதான். அதை விற்றுவிடலாமே என்று தோன்றுகிறது. அந்த ஹோண்டா எழுபது பைக்குக்கு நம் வூலானைவிட வயது அதிகம். வூலானே புருஷன், பிள்ளை என்று சோலோ நகரத்தில் குடும்பம் நடத்துகிறாள். கிலோமீட்டர் கணக்கு பல தடவை சுற்றி வந்து, கடைசியில் அலுத்துப்போய் நின்றேவிட்டது. பிரேக் பிடித்தால் அடுத்த வளைவில்தான் நிற்கிறது. முகப்பு விளக்கு பாதையை விட்டுவிட்டுத் தேக்கு மரத்தின் உச்சியைக் காட்டுகிறது. சங்கிலி என் இரண்டு சாரோங் கைலிகளைத் தின்றிருக்கிறது.

நீங்கள் சந்தை முக்கிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய்த்தான் நம் அடுப்பு எரியவேண்டும் என்பதில்லை. நம் மரவள்ளியும் என் கூடையும் போதும். ஆசைக்கு நான்கு ஆடு வாங்கி வளருங்கள். ஆட்டுக்குப் பிரேக் வேண்டியதில்லை.

இது என் யோசனை மட்டும்தான். முடிவு உங்களுடையது.

சுதார்மி


கெடுங்ரெஜோ, வொனோகிரி
15 ஆகஸ்ட் 2002

வூலானின் அம்மாவுக்கு,

வ அலைக்கும் அஸ்ஸலாம். கிமின் உன் கடிதத்தைக் கொடுத்தபோது நான் வண்டி மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டே அதை விற்கும் யோசனையைப் படிப்பது எனக்கே சங்கடமாக இருந்தது.

உன் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கொஞ்சம் பொறுக்கலாம். வண்டி பழசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் மலைப்பாதை அதற்கு மனப்பாடம். நான் கைப்பிடியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், அதுவே வீட்டுக்கு வந்துவிடும்.

சவாரியையும் விட மனமில்லை. காசுக்காக இல்லை. இப்போதெல்லாம் பின்னால் ஏறுகிறவர்கள் எவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள் தெரியுமா? முன்பு என் முதுகில் சாய்ந்து தூங்கி வழிவார்கள். போன வாரம் மாட்டு வியாபாரி கர்யோ, "அடடா, இந்த மாடு எப்படிக் கொழுத்திருக்கு பாருங்க பாக் பர்வோதோ, நடு ரோட்டுல ராஜா கணக்கா படுத்திருக்கு" என்றார். நானும் ரசித்துக்கொண்டே ஒதுக்கி ஓட்டினேன். பள்ளிக்கூடத்து சுமினி டீச்சர், "வலது பக்கம் இருக்கற அந்தப் பள்ளத்துல மழ பேஞ்சா மீனே வளக்கலாம்" என்று சிரிக்கிறார். இப்படி மனம்விட்டுப் பேசுகிற சனங்களை விட்டுவிட்டு என்னை ஆட்டோடு பேசச் சொல்கிறாயே.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் நீ பெருநாளுக்கு வருகிறாய். பஸ்ஸிலிருந்து பிராசி முக்கில் இறங்கி, என் பின்னால் உட்கார்ந்து மலை ஏறுகிறாய். வாசலை மிதித்த உடனே உன் தங்கைகள், என் அண்ணன் வீட்டார், வூலான், அவள் பிள்ளை எல்லாரும் உன்னைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நமக்கென்று மிஞ்சுவது அந்த மலைப்பாதை மட்டும்தான். போன பெருநாளுக்கு நீ வழி முழுக்க வாய் ஓயாமல் பேசினாய். லாரி நிறையத் தேக்கு போகிறது என்றாய், பாலத்துக் கைப்பிடி உடைந்திருக்கிறது என்றாய். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னோடு அவ்வளவு பேசியதில்லை. என் இடுப்பையும் இறுக்கிப் பிடித்திருந்தாய். வண்டியை விற்றால் அதையும் சேர்த்துத்தான் விற்கவேண்டும்.

இது என் மனதில் பட்டது. கோபித்துக்கொள்ளாதே.

பர்வோதோ


பசார் ரெபோ
25 ஆகஸ்ட் 2002

வூலானின் அப்பாவுக்கு,

போன பெருநாளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை மூன்று நான்கு தடவை படித்தேன். என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் வேறு இரண்டு விஷயங்களை எழுதுகிறேன்.

முதலாவது, உங்கள் எழுத்து. பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் இருக்கிறது. கடைப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் எழுதியது போல இருக்கிறது. காகிதம் அங்கே அவ்வளவு மலிவா?

இரண்டாவது, கோழி. கோழிக் கூண்டு, கோழிக்காரம்மா எல்லாரோடும் வாய்க்காலில் இறங்கினீர்களாமே? கிமினிடம் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டி லேசா வழுக்கிடுச்சு யூ சுதார்மி, வேற ஒண்ணுமில்ல" என்றார். ஆகஸ்ட் மாதத்தில், ஒரு சொட்டு மழை இல்லாத மலையில், எதில் வழுக்கியது?

பிரேக் சரியில்லை. நான் சொன்னால் நீங்கள் கேட்பதில்லை. பிரேக் சரியாக இல்லாத வண்டியை விற்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

சுதார்மி


கெடுங்ரெஜோ
12 செப்டம்பர் 2002

வூலானின் அம்மாவுக்கு,

கோழிகள் நலம். கோழிக்காரம்மாவும் நலம். எழுத்து பெரிதாக இருப்பதற்குக் காரணம் பேனா, தடித்த முனை. அந்தப் பேச்சை இதோடு விடு, ஏனென்றால் நான் இப்போது ஒரு பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சோலோவிலிருந்து பாக் மனுருங் என்று ஒருவர் வந்தார். சுமத்ராவின் பதாக் இனத்தவர், மனதில் பட்டதை நேரே பேசிவிடுகிற கூட்டம். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். நம் வண்டியைச் சந்தையில் பார்த்தவர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டீ வருவதற்கு முன்பே, "பாக், இத எனக்குக் குடுங்க. என்ன வெல?" என்று கேட்டார். வெயில் எப்படி, பயிர் எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை.

வீடு தேடி வந்தவரின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டீ கொடுத்தேன், அவித்த மரவள்ளி வைத்தேன், சிரித்துக்கொண்டே விலையைத் தூக்கிச் சொன்னேன். அந்த விலைக்குச் சந்தையில் இரண்டு பசுவும் கன்றும் ஓட்டிக்கொண்டு வரலாம். நம் ஊர்க்காரனாக இருந்தால் புரிந்துகொண்டு, "வீட்டுல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பான். நாளைக்குச் சந்தையில் பார்த்தாலும் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு இருக்காது.

இந்த மனுஷன் "சரி!" என்று கையை நீட்டிவிட்டார். நீட்டிய கையை என்ன செய்வது? நானும் கொடுத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்கிறாராம். அண்ணனிடம் ஓடினேன். "நீ ஏன்டா இன்னொரு மாட்டையும் சேத்துச் சொல்லல?" என்கிறார். அவரிடம் போய் வழி கேட்டேன் பார்.

நீ ஏதாவது சொல்.

பர்வோதோ


பசார் ரெபோ
20 செப்டம்பர் 2002

வூலானின் அப்பாவுக்கு,

சிரித்துச் சிரித்து இஞ்சி அரைக்க முடியவில்லை. பக்கத்து அறைப் பெண்களுக்கும் படித்துக் காட்டினேன். அவர்களும் வொனோகிரிக்காரிகள்தான், அதனால் விளக்கம் தேவைப்படவில்லை. "பாவம், பதாக்காரர்கிட்டப் போயி வெலயத் தூக்கிச் சொல்லலாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கை கொடுத்தது கொடுத்ததுதான். இனி மாற்றினால் கெடுங்ரெஜோவின் பேரே கெட்டுப்போகும். நல்லதாகப் போயிற்று என்று எழுதலாம் என்று பார்த்தேன். எழுத வரவில்லை. அந்த வண்டியை நான் திட்டாத திட்டு இல்லை, ஆனாலும் விளக்கை அணைத்த பிறகு அழுகை வந்தது. வூலானை வயிற்றில் வைத்துக்கொண்டு அதன் பின்னால்தானே மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பாக் மனுருங் வருகிறவரை சவாரி வேண்டாம். வண்டி இப்போது அவருடையது. ஒரு கீறல் விழுந்தாலும் நமக்குத்தான் கெட்ட பேர். அதற்காகத்தான் சொல்கிறேன்.

சுதார்மி


கெடுங்ரெஜோ
3 அக்டோபர் 2002

சுதார்மிக்கு,

வண்டி இன்னும் இங்கேதான் நிற்கிறது. எடுக்க வந்தவரிடம் இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பாக் மனுருங் வந்தார். "நீங்களே ஓட்டுங்க பாக், நான் பின்னாடி ஒக்காந்து இன்ஜின் சத்தத்தக் கேக்கறேன்" என்றார். ஓட்டினேன். சந்தையைக்கூடத் தாண்டவில்லை. "யோவ்! ஆடு! ஆடு! முன்னாடி ஆடு நிக்குதுய்யா, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று என் காதில் கத்தினார். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. நன்றாகவே நின்றது.

சந்தையே திரும்பிப் பார்த்தது. உடனே சந்தையே தரையைப் பார்த்தது. எனக்கு அந்த ஆட்டைவிட அதுதான் உறைத்தது. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

அவர் இறங்கி வந்து, "எத்தன நாளா இப்படி ஓட்டறீங்க? இதுல ஆள வேற ஏத்தறீங்களா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பக்கத்தில் நின்ற கர்யோவைப் பார்த்து, "அன்னிக்கி மாடு கொழுத்திருக்குன்னு சொன்னீங்களே?" என்றேன். கர்யோ கால் விரலால் மண்ணைக் கிளறினார். "மாடு நெஜமாவே கொழுப்பாத்தான் இருந்துச்சு, பாக்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பின்னால் ஏறியவர்கள் எல்லாரும் எனக்குக் கண்ணாக உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். நான் அதைக் கலகலப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லை. சோலோக்காரர் வந்து நடுச்சந்தையில் கத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். போன பெருநாளுக்கு நீயும் பேசினாயே. லாரி, தேக்கு, பாலத்துக் கைப்பிடி. அதுவும் இதுதானா? அதில் ஒரு வார்த்தையாவது, சும்மா என்னோடு பேசவேண்டும் என்று பேசியது உண்டா?

பர்வோதோ


பசார் ரெபோ
11 அக்டோபர் 2002

வூலானின் அப்பாவுக்கு,

இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

முதல் வளைவில் தேக்கு லாரி எதிரே வந்தது. நீங்கள் ஒதுங்கவில்லை. லாரி என்று கத்தினால் உங்கள் மனம் புண்படுமே என்று, "எவ்வளவு தேக்கு போவுது பாருங்க" என்றேன். நீங்கள் ஒதுங்கினீர்கள். அதற்கப்புறம் வாயை மூடப் பயமாக இருந்தது. கல்லைப் பார்த்தால் கல்லைப் பற்றிப் பேசினேன், கிழவரைப் பார்த்தால் கிழவரைப் பற்றிப் பேசினேன். உங்கள் இடுப்பைப் பிடித்திருந்ததும் பயத்தில்தான். உங்களோடு பேச வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அப்படியே நெஞ்சில் இருக்க, நான் ரோட்டைப் படித்துக்கொண்டு வந்தேன். அதை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் படித்தபோது எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

பிரேக்கைத் திட்டினேன். சங்கிலியைத் திட்டினேன். அவை மேல் ஒரு தப்பும் இல்லை. உங்கள் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. இதை இரண்டு மாதத்துக்கு முன்பே நேராக எழுதியிருக்கவேண்டும். அந்தப் பதாக்காரருக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை.

இப்போது எழுதிவிட்டேன். கோபப்படுங்கள். நீங்கள் கோபமாக இருந்தாலும் உயிரோடு இருந்தால் எனக்குப் போதும். இனி அந்த வண்டியில் ஏறாதீர்கள். இது யோசனை இல்லை. முடிவும் உங்களுடையது இல்லை.

சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

சுதார்மி


கெடுங்ரெஜோ
8 நவம்பர் 2002

வூலானின் அம்மாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் கிமின் பஸ்ஸை நிறுத்தி, "ஏதாச்சும் குடுத்தனுப்பணுமா?" என்று கேட்பார். நான் இல்லை என்று கை ஆட்டுவேன். உன் மேல் கோபம் இருந்தது. ஊர் மேல் அதைவிடக் கோபம். சவாரிக்கு ஒருவரும் வரவில்லை, நானும் போகவில்லை.

பிறகு ஒரு நாள் சந்தையிலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன். மனப்பாடம் என்று சொன்னேனே, அந்தப் பாதையைக் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம் என்று. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. பச்சைக் குவிமாடம் போட்டுக் கட்டி முடித்துவிட்டிருக்கிறார்கள். எப்போது கட்டினார்கள் என்று அங்கே பெருக்கிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "ரெண்டு வருஷம் ஆச்சே பாக். நீங்க தினமும் இந்தப் பக்கமாத்தானே போறீங்க?" என்றார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வழியாக நான் எத்தனை பேரை ஏற்றிப் போயிருக்கிறேன், பிள்ளைத்தாய்ச்சிகளைக்கூட.

சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். நீ சொன்னது சரி. இரண்டு கண்ணிலும் புரை. பெருநாள் முடிந்து சோலோவில் அறுவை சிகிச்சை. வூலான் பார்த்துக்கொள்கிறாளாம்.

நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் பாக் மனுருங் வந்து வண்டியை எடுத்துப் போனார். அதன் குறைகளை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும், "பிரமாதம்! பழசு அப்படியே இருக்கு" என்று குதிக்கிறார். நம் வயதுக்காரர்களைப் பார்த்தும் அப்படி யாராவது குதித்தால் தேவலை. அந்த விலை, விற்க மனமில்லாமல் சொன்ன விலை, குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "தெரியும் பாக். எங்க ஊர்ல வேணாம்னா வேணாம்னு சொல்லிருவோம். நீங்க சொல்லல. நான் புடிச்சுக்கிட்டேன்" என்று சிரித்தார். ஒரு காசு குறைக்கவில்லை. என் கண் செலவுக்குப் போக மிச்சமும் இருக்கும்.

வண்டியின் சத்தம் தேக்கங்காட்டு வளைவு வரைக்கும் கேட்டது. நான் அழுதேன், அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் வண்டி போனதைவிட உன் கடிதத்தில் இருந்த "இல்லை"தான் வலித்தது. எனக்கென்று வைத்திருந்தது அந்த ஒரு பயணம். அதுவும் நான் நினைத்தபடி இல்லை என்றால், இத்தனை வருஷத்தில் நாம் எப்போதுதான் பேசிக்கொண்டோம்?

அதனால் ஒன்று யோசித்தேன். இந்தத் தடவை நீ பிராசி முக்கில் இறங்கும்போது நான் அங்கே காத்திருக்கப் போவதில்லை. பெருநாளுக்கு முந்தின வாரம் கிமின் பஸ்ஸில் ஏறி ஜகார்த்தாவுக்கு வருகிறேன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பலாம். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் நீ நிற்கும் தெருவை நான் பார்த்ததேயில்லை. இப்போதும் சரியாகத் தெரியப்போவதில்லை. கிட்டத்தில் நின்றால் தெரியும்.

உனக்குச் சங்கடம் என்றால் நேரே வேண்டாம் என்று சொல்லிவிடு. கஷாயத்தின் விலையைத் தூக்கிச் சொல்லாதே.

பர்வோதோ


பசார் ரெபோ
17 நவம்பர் 2002

வூலானின் அப்பாவுக்கு,

வாருங்கள். நேராகவே சொல்கிறேன், வாருங்கள்.

பஸ் நிலையத்தில் நீங்கள் என்னைத் தேடவேண்டாம். இறங்கிய இடத்திலேயே நில்லுங்கள், நான் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். பக்கத்து அறைப் பெண்கள் உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். விலை சொன்ன கதையை உங்கள் வாயாலேயே கேட்கவேண்டுமாம். ஒரு வாரமும் சாயங்காலம் என்னோடு தெருத்தெருவாக வாருங்கள், நோன்பு மாதத்தில் வியாபாரம் அப்போதுதான். கூடையைத் தூக்க விடமாட்டேன், புட்டிகளைக் கழுவலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் நமக்கு இரண்டு இடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் ஊர். ஓட்டுநருக்குப் பார்வை எப்படி என்று கிமினிடம் விசாரித்தேன். "என்ன யூ, நம்மகிட்டப் போயி இப்படிக் கேக்கறீங்க" என்று கோபித்துக்கொண்டார். நன்றாகத் தெரியுமாம்.

ஆகவே ரோட்டை அவர் பார்த்துக்கொள்வார். லாரி வரட்டும், மாடு படுத்திருக்கட்டும், நான் சன்னல் பக்கம் திரும்பக்கூட மாட்டேன். போன பெருநாளுக்குச் சொல்லாமல் விட்டது, அதற்கு முந்தின வருஷங்களில் விட்டது எல்லாம் இருக்கிறது. அவ்வளவையும் உங்களிடம் சொல்லவேண்டும்.

வழியில் தூங்கிவிடாதீர்கள்.

சுதார்மி